பத்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு மாயக்காடு: வாடகை வீட்டு அறையில் என்ன செய்யலாம்?

உங்கள் கேள்வியை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சென்னையில் வாடகை வீடு. பத்துக்குப் பதினோரு அடி அறை. வடக்குப் பார்த்த ஒரே ஜன்னல். ஏழு வயது மகளுக்காக அந்த அறையைப் படக்கதைகளில் வரும் மாயக்காடு போல மாற்ற வேண்டும். சுவரில் ஆணி அடிப்பதற்கும் பெயிண்ட் அடிப்பதற்கும் வீட்டுக்காரர் ஒப்பமாட்டார். கையில் இருப்பது 10,000 ரூபாய், என்னென்ன வாங்க வேண்டும் என்று பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், ஏற்கெனவே வாங்கிய பிளாஸ்டிக் இலைச்சரங்களைச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டுப் பார்த்ததாகவும், அது ‘கல்யாண ரிசப்ஷன் மேடை மாதிரி’ இருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்களுடைய உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது. பொருள் வாங்கியும் ஏன் காடு வரவில்லை என்று கேட்கிறீர்கள். பட்டியலை விட்டுவிட்டு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். பட்டியல் தானாகவே அதற்குள் வந்துவிடும்.

நான் சினிமாவில் கலைத் துறையில் பதினோரு ஆண்டுகள் செட் உதவியாளராக இருந்தவன். அதன்பின் ஒன்பது ஆண்டுகளாக வீடுகளுக்கும் சிறு கடைகளுக்கும் உள்ளலங்கார வேலை செய்கிறேன். காட்டு செட் என்றால் முதல் நாள் நாங்கள் எல்லோரும் மரம், கொடி, பாறை என்று அடுக்கிக்கொண்டே போவோம். அது காய்கறிச் சந்தை போலத்தான் இருக்கும். எங்கள் மாஸ்டர் வந்து பார்த்துவிட்டு எதையும் எடுக்கச் சொல்லமாட்டார், எதையும் சேர்க்கவும் சொல்லமாட்டார். ஃப்ளோரில் எரிந்துகொண்டிருக்கும் வேலை விளக்குகளை அணைக்கச் சொல்லி, ஓரத்திலிருந்து ஒரே ஒரு லைட்டைப் போடச் சொல்வார். அதே குப்பை சட்டென்று காடாகிவிடும். காட்டுக்குள் இருக்கிறோம் என்ற உணர்வை நமக்குத் தருவது முதலில் இருட்டு, அடுத்து அந்த இருட்டில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பது, மூன்றாவதாகக் கண்ணுக்கு எட்டாத தூரம் இருப்பது போன்ற ஒரு மயக்கம். இலைகளும் காளான்களும் அதற்குப் பிறகுதான். நீங்கள் பணத்தை நான்காம் இடத்தில் செலவழித்துவிட்டு முதல் மூன்றையும் ட்யூப் லைட்டிடம் விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

எனவே விளக்கிலிருந்து தொடங்குவோம். நம் வீடுகளில் எரியும் எல்இடி பல்புகளும் பட்டைகளும் பெரும்பாலும் 6,500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) கொண்ட, நீலம் கலந்த வெண்மையானவை. கடைகளில் ‘கூல் டே லைட்’ என்பார்கள். கூரையின் நடுவிலிருந்தோ சுவரின் உச்சியிலிருந்தோ அது அறை முழுவதையும் ஒரே அளவாக நனைத்துவிடுவதால் நிழல் விழுவதில்லை. நிழல் இல்லாத இடத்தில் காடு இல்லை. அந்த விளக்கைக் கழற்ற வேண்டாம், வீட்டுப்பாடத்துக்குத் தேவைப்படும். அதோடு தனியாக, 2,700 அல்லது 3,000 கெல்வின் என்று அட்டையில் அச்சிட்ட ‘வார்ம் ஒயிட்’ பல்புகள் இரண்டு மூன்று வாங்கி, தரை மட்டத்திலும் முழங்கால் உயரத்திலும் வையுங்கள். வெளிச்சம் கீழிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் வரும்போது அறையின் மேற்பகுதி தானாக இருட்டுக்குள் போய்விடும். கூரை எங்கே முடிகிறது என்று தெரியாத அறைதான் மரக்கிளைகளுக்கு அடியில் இருப்பது போன்ற எண்ணத்தைத் தரும்.

இதில் காசே செலவில்லாத ஒரு வித்தை உண்டு. தோற்பாவைக் கூத்து பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒன்றரை அடி நீளமுள்ள, நிறையச் சிறுகிளைகள் பிரிந்த ஒரு காய்ந்த கிளையைத் தொட்டியில் நட்டு, அதற்கு ஓரடி பின்னால் தரையில் ஒரு சிறிய விளக்கை வையுங்கள். விளக்கிலிருந்து எதிர்ச் சுவர் நான்கடி தூரத்தில் இருந்தால், அந்தக் கிளையின் நிழல் நான்கு மடங்காகி ஆறடி மரமாகச் சுவரில் எழுந்து நிற்கும். விளக்கைக் கிளைக்கு அருகே கொண்டுபோனால் நிழல் வளரும், தள்ளிவைத்தால் சுருங்கும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பால்நிறக் கண்ணாடி போட்ட உருண்டை பல்பு நிழலின் ஓரங்களை மழுக்கிவிடும், ஒற்றைப் புள்ளியிலிருந்து ஒளி வரும் சிறு ஸ்பாட் லைட்டோ எல்இடி டார்ச்சோ கூர்மையான நிழலைத் தரும். இரண்டும் தேவைப்படும். கூர்மையான நிழல் அருகிலிருக்கும் மரம் போலவும், மழுங்கிய நிழல் தூரத்து மரம் போலவும் தெரியும்.

சீரியல் லைட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜன்னல் ஓரம், கட்டில் ஓரம், கதவு நிலை என்று எந்த விளிம்பையும் ஒட்டி அதைக் கட்டாதீர்கள்; கட்டியதும் அது கோயில் திருவிழா ஆகிவிடும். காட்டில் புள்ளி வெளிச்சம் என்றால் அது மின்மினிதான். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உலாந்தி வனச்சரகத்தில் கோடை மழைக்கு முன்பான நாட்களில் மின்மினிகள் கூட்டம் கூட்டமாக ஒரே தாளத்தில் ஒளிர்வதை 2022இல் வனத்துறையும் ஆய்வாளர்களும் பதிவு செய்தார்கள். அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள். புள்ளிகள் எங்கும் வரிசையாக இருக்காது. ஒரு மரத்தில் அடர்ந்தும் அடுத்த மரத்தில் அறவே இல்லாமலும் இருக்கும். நிறம் மஞ்சள் கலந்த பச்சை. ஆகவே பல வண்ணத்தில் மின்னி மின்னி அணையும் சரத்தை விட்டுவிட்டு, ஒரே நிறத்தில், செம்புக் கம்பியில் கோத்த சிறு எல்இடி சரத்தை வாங்கி, அதில் பாதியை மரத்துக்குள்ளும் துணிக்குப் பின்னாலும் ஒளித்துவிடுங்கள். அது யுஎஸ்பி சார்ஜரில் 5 வோல்ட்டில் ஓடும் வகையாக இருக்கட்டும். பிளக்கில் நேராகச் சொருகும் மலிவான சீரியல் செட்டுகள் வீட்டு மின்சாரத்திலேயே ஓடுகின்றன. அவற்றின் ஒட்டு ஏதாவது ஓரிடத்தில் திறந்திருந்தால் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் அது ஆபத்து.

அடுத்தது தூரம். பத்தடி அறைக்குள் தூரத்தைக் காட்டுவதற்கு நம்மிடம் பழைய வழி ஒன்று இருக்கிறது. நாடகக் கம்பெனிகளில் தர்பார் சீன், தெரு சீன், காட்டு சீன் என்று துணியில் எழுதிய திரைகள் இருந்தன; மேடை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் காட்டு சீன் இறங்கினால் பின்னால் பல மைல் காடு விரிந்துவிடும். காலண்டர் படங்களால் நாம் அறிந்த கோவில்பட்டி ஓவியர் சி. கொண்டையராஜு நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதியவர்தான். உங்கள் வீட்டுக்காரர் சுவரைத் தொடக்கூடாது என்று சொல்லியிருப்பது இந்த வகையில் நல்லதாகப் போயிற்று. சுவரில் எழுதினால் காலி செய்யும்போது முன்பணத்தில் பெயிண்டிங் செலவு என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொள்வார்கள். துணியில் எழுதினால் அடுத்த வீட்டுக்கும் காடு உங்களோடு வரும்.

காடாத் துணி வாங்குங்கள். வெளுக்காத பருத்தித் துணி, சென்னையில் கோடௌன் தெருவில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். மரக்கடையில் ரீப்பர் கட்டை (மெல்லிய நீள மரச்சட்டம்) வாங்கி, மூன்றரை அடி அகலமும் ஏழடி உயரமுமாக மூன்று சட்டங்கள் அடித்து, துணியை இழுத்துப் பின்னால் மடித்து ஸ்டேப்ளர் அடித்து, மூன்றையும் கீல் போட்டு இணைத்தால் மடக்குத் தட்டி தயார். லேசாக வளைத்து நிறுத்தினால் அது தன் காலிலேயே நிற்கும், பத்தடிச் சுவரை ஏறக்குறைய மறைத்துவிடும். ஆனாலும் அதைச் சும்மா நிற்கவிடாதீர்கள். குழந்தை ஓடி வந்து மோதும். மேல் மூலையிலிருந்து ஜன்னல் கம்பிக்கு ஒரு நைலான் கயிறும், லாஃப்ட் இருந்தால் அதன் விளிம்பில் ஒரு கிளாம்ப்பும் போட்டுக் கட்டுங்கள். ஏழடிக்கு மேல் உயர்த்தவும் வேண்டாம், வாசல் நிலையில் நுழையாது. மேலே மிஞ்சும் வெள்ளைச் சுவர், விளக்குகள் கீழே இருந்தால் பெரும்பாலும் இருட்டில் ஒதுங்கிவிடும்.

எழுதும் முறையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் தவறுவது இங்கேதான். முதலில் ஃபெவிகாலில் நிறையத் தண்ணீர் கலந்து துணி முழுவதும் ஒரு கை பூசிக் காயவிடுங்கள். இல்லையென்றால் துணி பெயிண்ட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஒரு லிட்டர் வெள்ளை எமல்ஷனும், சிறு பாட்டில்களில் வரும் ஸ்டெயினரில் (பெயிண்ட்டில் கலக்கும் நிறக்கலவை) மஞ்சள் ஆக்ஸைடு, கறுப்பு, பழுப்பு, கொஞ்சம் நீலமும் போதும். பச்சை வாங்காதீர்கள். கடைப் பச்சை கிளிப்பச்சையாகத்தான் இருக்கும், உங்கள் இலைச்சரத்தைக் கெடுத்ததும் அதே நிறம்தான். மஞ்சள் ஆக்ஸைடோடு கறுப்பைத் துளித்துளியாகச் சேர்த்துப் பாருங்கள். பாசி படிந்த மரப்பட்டையின் மங்கிய பச்சை உங்கள் கண்ணெதிரே பிறக்கும். நீங்கள் இணையத்தில் பார்த்த மாயக்காட்டுப் படங்களில் பலவற்றுக்கு மூதாதை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்தர் ராக்கம் போன்ற ஆங்கில ஓவியர்கள் வரைந்த முறுக்கேறிய மரங்கள். அவற்றில் பச்சை மிகக் குறைவு. பழுப்பும் சாம்பலும் மங்கிய மஞ்சளும்தான் மிகுதி.

பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். முதலில் துணி முழுவதும் வெளிறிய சாம்பல் பச்சை. நடுவில் ஓரிடத்தில் மட்டும் இன்னும் வெளுப்பாக, அங்கே பனி தேங்கியிருப்பது போல. அது காய்ந்ததும் அதைவிட அரைப் படி கறுத்த கலவையில், விரல் தடிமனில், நெருக்கமாகத் தூரத்து மரங்கள். அடுத்து இன்னும் கறுத்த கலவையில் கை தடிமனில், இடைவெளி விட்டுச் சில மரங்கள். கடைசியாக, கிட்டத்தட்டக் கறுப்பில், தொடை தடிமனில் மூன்றே மரங்கள். தூரம் போகப்போகக் காற்று குறுக்கே நிற்பதால் நிறம் வெளுத்து நீலமாகும் என்பது மலையைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். அதைத்தான் திரும்பச் செய்கிறோம். தூரத்து மரத்தின் அடி துணியில் சற்று மேலேயும், கிட்டத்து மரத்தின் அடி துணியின் கீழ் விளிம்புக்கும் கீழேயும் இருக்க வேண்டும். எந்த மரத்துக்கும் உச்சி வரையாதீர்கள். காட்டுக்குள் நிற்பவர் கண்ணுக்கு நேராக மரத்தின் உச்சி தெரியாது, அடிமரம்தான் தெரியும். உச்சியை வரைந்த அந்த நொடியில் அது காட்டை வெளியிலிருந்து பார்க்கும் பள்ளிக்கூடப் படமாகிவிடும். மரங்களுக்கு இடையே ஒரே அளவு இடைவெளி விடாதீர்கள், துணியின் தையல் எங்காவது வந்தால் அதன்மேல் ஒரு மரத்தை ஏற்றிவிடுங்கள். இலைக்குத் தூரிகை வேண்டாம். பழைய பூந்துடைப்பத்தின் நுனியை வெட்டி, பெயிண்ட்டில் தோய்த்து, முக்கால் பங்கைப் பழந்துணியில் ஒற்றி எடுத்துவிட்டுத் துணியில் குத்துங்கள். உங்களுக்குப் படம் வரைய வராது என்று எழுதியிருந்தீர்கள். இதற்கு வரைய வர வேண்டியதில்லை, நிறத்தைப் படிப்படியாகக் கறுக்க வைக்கும் பொறுமை இருந்தால் போதும்.

அந்தத் தட்டிக்கு முன்னால் ஓரடி இடைவெளி விட்டு, வெள்ளை அல்லது வெளிர்பச்சைக் கொசுவலைத் துணியை ஓரிடத்தில் மட்டும் தொங்கவிடுங்கள். வலைக்கு முன்னாலிருந்து வெளிச்சம் விழுந்தால் வலை பனிப்படலமாகத் தெரிந்து பின்னால் இருப்பதை மறைக்கும். பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் வலை காணாமல் போய்ப் பின்னாலுள்ள மரங்கள் தெரியும். மேடையில் ஒருவர் மாயமாகத் தோன்றி மறைவதற்கு உலகம் முழுவதும் பயன்படுத்துவது இதே தந்திரத்தைத்தான். இரண்டு சுவிட்சுகளை மகளின் கையில் கொடுத்துவிட்டால், நீங்கள் வாங்கும் எந்தப் பொம்மையையும்விட அதிக நேரம் இதோடு விளையாடுவாள்.

மரம் ஒன்று நிஜமாகவே நிற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். செட்டில் நாங்கள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் தேங்காய் நாரைத் தோய்த்து அச்செடுத்துப் பட்டை செய்வோம்; வீட்டுக்கு அது வேண்டாம், கனமும் அதிகம், உதிரவும் உதிரும். கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பாறை செய்யும் முறையே போதும். ஒரு சவுக்குக் கம்பை மண் நிரப்பிய பெயிண்ட் வாளியில் நட்டு, பழைய செய்தித்தாளை முறுக்கிக் கயிறாக்கி அதன்மேல் மேலிருந்து கீழாகச் சுற்றுங்கள். அடியில் அந்த முறுக்குகளைப் பிரித்துவிட்டால் அவை வேர்களாக வாளியை மூடிக்கொண்டு தரையில் பரவும். அதன்மேல் பழுப்புத் தாளை நன்றாகக் கசக்கி, பாதி விரித்து, பசையில் ஒட்டுங்கள். கசங்கலின் மேடுகளில் மட்டும் காய்ந்த தூரிகையால் வெளிறிய சாம்பலைத் தேய்த்தால் பட்டையின் வெடிப்புகள் எழுந்துவரும். பசையை மைதாவில் காய்ச்சுவதானால் பைண்டிங் கடைக்காரர்கள் செய்வது போல மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சிறிது சேர்க்க வேண்டும், இல்லையென்றால் கரப்பானுக்கும் அந்துப்பூச்சிக்கும் விருந்து வைத்ததாகிவிடும். ஆனால் மயில்துத்தம் நஞ்சு. குழந்தை இருக்கும் வீட்டில் மைதாவை விட்டுவிட்டு ஃபெவிகாலையே பயன்படுத்துங்கள் என்பதுதான் என் யோசனை. தெர்மாகோல் எவ்வளவு எளிதாக வெட்ட வந்தாலும் படுக்கையறைக்குள் கொண்டுவராதீர்கள். தீப்பிடித்தால் அது உருகிச் சொட்டிக்கொண்டே எரியும்.

உண்மைக் கிளைகள் பற்றி என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தனியாக வேலை தொடங்கிய புதிதில், ஒரு வீட்டுக் குழந்தையின் அறைக்கு, சாலையோரம் வெட்டிப் போட்டிருந்த புளியங்கிளைகளை அன்றைக்கே கொண்டுபோய்க் கூரை ஓரமாகக் கட்டிவிட்டேன். பார்க்க மிக அழகாக இருந்தது. இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா தொலைபேசியில் கூப்பிட்டு, கட்டிலின் மேல் தினமும் காலையில் மாவு போல ஏதோ உதிர்ந்திருக்கிறது என்றார். கிளைக்குள் மரத்தைத் துளைத்துத் தின்னும் உளுப்பூச்சி இருந்தது. எல்லாவற்றையும் இறக்கி, மெத்தையை வெயிலில் போட்டு, கூலி வாங்காமல் வேறு வேலை செய்துகொடுத்தேன். அன்றிலிருந்து கிளை எதுவானாலும் பட்டையை உரித்து, மொட்டை மாடி வெயிலில் குறைந்தது மூன்று வாரம் போட்டு, வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த தண்ணீரை இரண்டு முறை பூசிக் காயவைத்த பிறகே உள்ளே கொண்டுபோகிறேன். அந்தக் கலவையும் குழந்தை வாயில் வைக்கக் கூடியதல்ல, ஆகவே காய்ந்ததும் மேலே ஒரு கை வார்னிஷ் பூசிவிடுங்கள். கொய்யாக்கிளை கோணல்மாணலாகவும் வழவழப்பாகவும் இருப்பதால் இதற்கு மிகப் பொருத்தம். காலி மனைகளில் மண்டிக்கிடக்கும் உண்ணிச்செடியின் தண்டும் நல்ல முறுக்குள்ளது. வேறு கண்டத்திலிருந்து வந்து நம் காடுகளை அடைத்துக்கொண்டிருக்கும் செடி என்பதால் வெட்டினால் யாருக்கும் நட்டமில்லை. கூடலூர்ப் பகுதிப் பழங்குடி மக்கள் அதன் தண்டுகளை வளைத்து ஆளுயரத்துக்கு மேல் யானைகளே செய்கிறார்கள், அவை லண்டன் வரை போயிருக்கின்றன. ஆனால் காப்புக்காட்டிலிருந்து ஒரு சுள்ளியைக்கூட எடுத்துவராதீர்கள், சட்டப்படி குற்றம். கொடைக்கானல் போகும்போது பாறையிலிருந்து பாசியை உரித்துக்கொண்டு வருவதும் அப்படித்தான். அது சென்னை வெயிலில் ஒரு வாரம்கூடத் தாங்காது.

பாசிக்குப் பதிலாகத் தேங்காய் நாரை அந்த மஞ்சள்-கறுப்புக் கலவையில் நீர்க்கத் தோய்த்துப் பிழிந்து காயவைத்து, மரத்தின் வேர்களுக்கு இடையிலும் தொட்டிகளின் மேலும் பரப்புங்கள். உயிருள்ள பச்சைதான் வேண்டுமென்றால் நவராத்திரி கொலுவில் பார்க் வைப்பார்களே, அதே முறை: அகலமான தட்டில் மண் பரப்பி, கடுகையோ கேழ்வரகையோ நெருக்கமாகத் தூவி, தண்ணீர் தெளித்தால் சில நாட்களில் புல்வெளி. வெயில் படாமல் வைத்தால் முளைப்பாரி போல வெளிறி நீண்டு வளரும். மாயக்காட்டுக்கு அந்த வெளிறலே அழகு. இரண்டு வாரத்தில் சாய்ந்துவிடும், மறுபடி தூவ வேண்டும். அந்த வேலையை மகளிடமே விட்டுவிடலாம்.

தொட்டிச் செடிகளில் வடக்கு ஜன்னல் வெளிச்சத்துக்கு மணிபிளாண்ட்டும் சிங்கோனியமும் தாங்கும், பெரணி தினமும் தண்ணீர் தெளித்தால் மட்டுமே தாங்கும். மணிபிளாண்ட்டை நார் சுற்றிய கம்பில் ஏற்றிவிட்டால் இலை பெரிதாகும். வெளிச்சம் குறைந்தால் இலையிலுள்ள மஞ்சள் கீற்றுகள் மறைந்து முழுப் பச்சையாகும், அது நோயல்ல. மணிபிளாண்ட், சிங்கோனியம் இரண்டின் இலையிலும் கால்சியம் ஆக்ஸலேட் ஊசிப் படிகங்கள் இருப்பதால் கடித்தால் வாய் எரியும், பூனை நாய்களுக்கும் ஆகாது. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் தண்ணீரை வாரத்துக்கு ஒருமுறையாவது கொட்டிவிடுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏழெட்டு நாளே போதும். செடி வைத்தால் அறையின் காற்று சுத்தமாகும் என்று கேள்விப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். 1989இல் வந்த நாசா ஆய்வை வைத்துச் சொல்லப்படும் செய்தி அது. ஆனால் அந்தச் சோதனைகள் மூடிய சிறு பெட்டிகளில் நடந்தவை. 2019இல் வெளிவந்த ஒரு மறுஆய்வு, வீட்டின் இயல்பான காற்றோட்டத்துக்குச் சமமாகச் செடிகள் வேலை செய்ய வேண்டுமானால் சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடிகளாவது தேவை என்று கணக்கிட்டது. உங்கள் அறைக்கு அது நூறு செடிகள். அழகுக்காக மூன்று செடிகள் வையுங்கள், காற்றுக்கு ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

காளான்கள் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளைப் புள்ளியிட்ட சிவப்புக் காளான் பிர்ச், பைன் மரங்களின் வேரோடு கூட்டுவைத்து வளர்வது. படக்கதைகள் வழியாக மாயக்காட்டின் முத்திரையாகிவிட்டது. களிமண்ணிலோ காகிதக் கூழிலோ செய்யலாம், ஆனால் மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு முதலில் மங்குவது சிவப்புதான். பச்சையும் நீலமும் அதைவிடத் தாக்குப்பிடிக்கும். பகலில் எடுப்பாக இருந்த சிவப்புக் காளான் இரவில் கறுப்புக் கட்டியாக நிற்கும், புள்ளிகள் மட்டும் மிதக்கும். ஆகவே மூன்று நான்கு போதும், அவற்றையும் விளக்குக்கு அருகே வையுங்கள். மீதிக் காளான்களை வெளிர்மஞ்சளில் செய்யுங்கள்.

இதுவரை சொன்னவை நான் கையால் செய்து பார்த்தவை. இனி, நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாதவை. உங்கள் சுவரில் ஓதம் இருக்கிறதா என்பது முக்கியம். ஐப்பசி கார்த்திகை மழையில் சுவர் வியர்க்கும் வீடானால் தட்டியை அதிலிருந்து அரையடி தள்ளி நிறுத்தினாலும் துணியில் பூஞ்சை பிடிக்கலாம். அந்தச் சுவரை விட்டுவிட்டு வேறு சுவரைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. துணி, நார், வலை எல்லாமே தூசியைப் பிடிக்கும். மகளுக்கு மூச்சிரைப்போ தும்மலோ இருந்தால் நாரையும் வலையையும் தவிர்த்துவிட்டு, ஈரத்துணியால் துடைக்கக்கூடிய தட்டியும் விளக்கும் மட்டும் வைக்கலாமா என்று அவளைப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள், அது என் வேலைக்கு அப்பாற்பட்டது. இருட்டைப் பற்றியும் எனக்குத் தயக்கம் உண்டு. சில குழந்தைகளுக்கு இந்த வெளிச்சம் தாலாட்டு; சிலருக்குச் சுவரில் ஆறடி நிழல் எழுந்தால் தூக்கமே வராது. எந்த வகை என்று பெற்றவருக்குத்தான் தெரியும்.

பணக்கணக்கு. நானாக இருந்தால் தட்டி, துணி, பெயிண்ட் எல்லாவற்றுக்கும் சேர்த்து 4,500 ஒதுக்குவேன், விளக்குகளுக்கும் ஒயருக்கும் 2,000, மரத்துக்கும் நாருக்கும் 800, கொசுவலைக்கு 500, செடிகளுக்கு 700. மீதி 1,500ஐத் தொடவே மாட்டேன், ஏனென்றால் எந்த வேலையிலும் கடைசியில் ஏதாவது ஒன்று உடையும். ரீப்பர் விலை கடைக்குக் கடை மாறும். தச்சரை வைத்துச் சட்டம் அடித்தால் கூலி இந்தக் கணக்கில் அடங்காது. பிளாஸ்டிக் இலைச்சரத்தை எறிய வேண்டாம். அதே மஞ்சள்-கறுப்புக் கலவையில் முக்கியெடுத்துப் பளபளப்பைக் கொன்றுவிட்டு, விளக்குக்கும் சுவருக்கும் நடுவே தொங்கவிடுங்கள்; அதன் நிழல் மட்டும் சுவரில் விழட்டும், சரம் யார் கண்ணிலும் பட வேண்டாம்.

எதையும் வாங்கும் முன் இன்று இரவே ஒரு சோதனை செய்யுங்கள். ட்யூப் லைட்டை அணைத்து, கதவைச் சாத்தி, தொட்டிச் செடியோ துடைப்பமோ கையில் கிடைப்பதைத் தரையில் நிறுத்தி, அதன் பின்னால் கைபேசியின் டார்ச்சை வைத்து நான்கு சுவர்களிலும் மாற்றி மாற்றி நிழலை விழச் செய்யுங்கள். எந்தச் சுவரில் நிழல் நன்றாக விழுகிறதோ, அதற்கு எதிர்ச் சுவரில்தான் தட்டி நிற்க வேண்டும். அந்த இரண்டு சுவர்களையும் படம் எடுத்து, பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறது என்று குறித்து இங்கேயே போடுங்கள். விளக்கை எங்கே வைப்பது, ஒயரை எந்த ஓரமாகக் கொண்டுபோவது என்று பார்த்துச் சொல்கிறேன்.